நீரின் மேலெழாமை

போன ஆவணி மாதம் எங்கள் நாவலடிவெளிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இந்நிறுவனத்தின் சகல ஆளணியினரும் தத்தமது ஆய்வு ஆர்வத்தைத் தெரிவித்தல் வேண்டும். தவறுவோர் தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதில் எழுதியிருந்தது. உரிய நடவடிக்கை என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பயம்.

நான் அங்கே துப்புரவு வேலை. சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். நாலு வருசமாகத் தற்காலிகம்தான். மார்கழியில் பெயர்ப் பட்டியல் போகும், நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தை மாதம் என் மகள் சாருஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அம்மாவின் தொழில் என்ன என்று அங்கே படிவத்தில் கேட்பார்கள். அந்தக் கோட்டில் 'தற்காலிக' என்ற சொல் வரக்கூடாது. எனக்கு அவ்வளவுதான் ஆசை.

உதவிப் பதிவாளர் தியாகலிங்கம் ஐயா சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். என்னையும் கூப்பிட்டார். அது படிச்ச ஆக்களுக்குத்தானே ஐயா என்று மெல்லக் கேட்டேன்.

"சகல எண்டு போட்டிருக்கு. சகல எண்டால் சகல. உம்மடை ஆய்வு ஆர்வம் என்ன பிள்ளை?"

"கூட்டுறது, கழுவுறது ஐயா."

"அது கடமை. கடமையை ஆர்வம் எண்டு போடேலாது. உமக்கு விளங்காத விசயம் ஒண்டு சொல்லும். அதுதான் ஆய்வு."

எனக்கு விளங்காத விசயம் ஒன்று இருந்தது. இரண்டாம் மாடி மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராது. நான் சேர்ந்த நாளிலிருந்து கீழ்க் குழாயில் பிடித்து, நாற்பத்தெட்டுப் படி ஏறி, ஒரு நாளைக்குப் பதினாலு வாளி சுமக்கிறேன். மேலே தண்ணி ஏன் ஐயா ஏறுதில்லை என்றேன். ஐயாவின் முகம் மலர்ந்தது.

அடுத்த கிழமை இணையத்தளத்தில் பேராசிரியர்மாருக்குக் கீழே என் பெயரும் வந்தது. 'திருமதி அருந்ததி கஜீபன், துப்புரவாக்கல் அலகு. ஆய்வு ஆர்வம்: பல்மாடிக் கட்டடங்களில் நீரின் மேலெழாமை.' என் மனிசன் அதைப் போனில் நாலு தரம் வாசித்துவிட்டு, அன்று தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார்.

வாசல் காவலாளி ஆழ்வாப்பிள்ளை அண்ணையும் தன் பங்குக்கு, யார் உள்ளே வருகினம் யார் வெளியே போகினம் என்று பார்ப்பதில்தான் ஆர்வம் என்று எழுதிக் கொடுத்தாராம். அவரை 'புலப்பெயர்வும் எல்லைகளும்' என்று போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு கொப்பி வாங்கி எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார்.

என் ஆர்வத்தைக் கண்டதும் பெரியவர்களுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. முதலில் வந்தவர் பேராசிரியர் சீவரத்தினம். அவருக்கு இருபத்திரண்டு வருசமாக நிலத்தடி நீர்தான் ஆய்வு. இரண்டாம் மாடியில் இருக்கிறார், கை கழுவ வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவருவார். மேலே ஏறாததற்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்றார். தமிழ்த்துறைக் கலாநிதி ஞானாம்பிகை அதை ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளத்தை நாடுவது நீரின் அடக்கம், பழந்தமிழர் கண்ட அறம் அது என்றார். சமூகவியல் கலாநிதி ஜெயரூபன், மனிசரை மேல்மாடி கீழ்மாடி என்று பிரித்த சமுதாயத்தில் தண்ணீர் மட்டும் எப்படி ஏறும் என்று கேட்டார். மூவரும் சேர்ந்து மூன்று கட்டமாக ஒரு பல்துறைச் செயற்றிட்டம் தொடங்கினார்கள். 'கள அறிஞர்' என்று என் பெயரையும் சேர்த்தார்கள்.

ஜெயரூபன் சேர் இரண்டு கிழமை என் பின்னாலேயே படியேறினார். நான் வாளியோடு, அவர் பேனையோடு. எத்தனையாம் படியில் மூச்சு வாங்குகிறேன் என்று குறித்தார். ஒரு கை பிடித்திருக்கலாம். பிடித்தால் தரவு பழுதாகிவிடுமாம்.

புரட்டாதியில் வாணிவிழா வந்தது. சரஸ்வதி வருவா, மூலை முடுக்கெல்லாம் கூட்டச் சொன்னார்கள். முதலாம் மாடிப் படிக்குப் பக்கத்தில் ஆய்வேடுகள் அடுக்கிய ஒரு பெரிய அலுமாரி. கட்டடம் கட்டின நாளிலிருந்து அதை யாரும் அசைத்ததில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். பின்னால் சுவரோடு மேலே போகிற ஒரு பைப். பைப்பில் ஒரு வால்வு. அது பூட்டிக் கிடந்தது.

தூசி தட்டுவதுபோலத் திருகித் திறந்தேன். மேலே 'உஷ்' என்று ஒரு சத்தம். இருபது வருசமாகத் திறந்தபடி கிடந்த குழாய்களெல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. ஓடிப் போய்ப் பார்த்தால், சீவரத்தினம் சேர் கையில் போத்தலோடு, காற்சட்டை நனைய நனைய நிற்கிறார்.

அலுமாரிக்குப் பின்னாலை வால்வு பூட்டிக் கிடந்தது சேர் என்றேன். நல்ல சொல் ஒன்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"பிள்ளை, விடை சரி. ஆனால் முதலாங் கட்டத்திலை கேள்வியை மட்டும்தான் கண்டுபிடிக்க வேணும். விடை மூண்டாங் கட்டம்."

பின்னேரம் தியாகலிங்கம் ஐயா கூப்பிட்டார். முன்னால் என் கோப்பு விரிந்து கிடந்தது.

"தண்ணி ஏறிப்போட்டுதாம்?"

"ஓம் ஐயா."

"அப்ப மேலெழாமை இல்லை. மேலெழாமை இல்லாட்டி உமக்கு ஆர்வம் இல்லை. ஆர்வம் இல்லாத ஆளை நான் எப்படிப் பட்டியலிலை போடுறது?"

வேறை ஆர்வம் எழுதித் தரட்டோ ஐயா என்று கேட்டேன். ஓட்டை விழுந்த கூரை, பூட்டு உடைந்த கதவு, விளங்காத விசயங்கள் இன்னும் எத்தனையோ எனக்குத் தெரியும். அடுத்த சுற்றறிக்கை வருமட்டும் ஆர்வத்தை மாற்ற இடமில்லை என்றார். பிறகு கோப்பை மூடாமல், மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றினார்.

"திங்கள் பத்து மணிக்குச் செயற்றிட்டத்தை மதிப்பிடுற குழு நேரிலை வந்து பாக்கும். அப்ப தண்ணி ஏறாமல் நிண்டுதெண்டால், நடந்தது ஒரு தற்செயல் எண்டு குறிப்பெழுதலாம். நான் ஒண்டும் சொல்லேல்லை."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு ஒரே கணக்குத்தான். தண்ணீர் வந்தால் பதினாலு வாளி மிச்சம். வராவிட்டால் வேலை மிச்சம். சாருஜா சிலேட்டில் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கள் முதல் பஸ்ஸில் போனேன். ஒருவரும் காணாமல் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். வால்வு ஏற்கனவே பூட்டியிருந்தது.

வாசலுக்கு வந்து, வால்வு பூட்டிக் கிடக்குது, ஆராவது வந்தவையோ அண்ணை என்று கேட்டேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை விரித்தார்.

"வந்தவை. ஞாயிறு காலமை சீவரத்தினம் சேர், உள்ளை நாலு நிமிசம். பின்னேரம் ஞானாம்பிகை அம்மா, ரெண்டு நிமிசம். இருட்டுப்பட ஜெயரூபன் சேர், அவருக்கும் ரெண்டு நிமிசம். தியாகலிங்கம் ஐயா இண்டைக்கு விடிய வந்திட்டு இப்பத்தான் போறார். முதல் ஆள் பூட்டியிருப்பார். மற்றவை பூட்டிக் கிடக்கோ எண்டு பாத்திருப்பினம். நீர் அஞ்சாவது."

"என்ரை பேரையும் எழுதிப்போட்டியளோ அண்ணை?"

"எழுதாமல் விடலாமே? சகல எண்டால் சகல."

மணி ஒன்பதாகவில்லை. குழு வர இன்னும் நேரம் இருந்தது. திரும்பிப் போய் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, நானும் ஒருக்கால் இறுக்கிப் பார்த்தேன்.

இன்னும் அரைச் சுற்று இருந்தது.