படத்தில் மொட்டை, நேரில் கொண்டை

"ஐயா, மூண்டு வயதெண்டாலும் பிள்ளைக்குத் தனிப் பாஸ்போட் வேணும். தாயின்ரை பாஸ்போட்டிலை பேர் எழுதிற பழக்கம் இப்ப இல்லை."

பாஸ்போட் கந்தோரில் கண்ணாடிக்கு அங்காலே இருந்த பெண்பிள்ளை இதை மூன்றாம் தரம் சொன்னாள். நெஞ்சில் குத்தியிருந்த தகட்டில் சாருஜா என்று இருந்தது. குருநகர் பிலிப்பு அதை எழுத்துக்கூட்டி வாசித்து மனதில் முடிந்துகொண்டார். நாளைக்கு முறைப்பாடு வைக்க வேண்டி வந்தால் பெயர் உதவும்.

"முந்தி எழுதினவை, பிள்ளை. என்ரை அக்கா ஒரு புத்தகத்திலை நாலு பிள்ளையளைக் கொண்டு போனவ."

"அது முந்தி, ஐயா."

"ஆளுக்கொரு புத்தகம் எண்டு சனத்தை அலைக்கழிக்கிறதுக்கு ஒரு சட்டம். விளங்குது."

சாருஜா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு கடதாசியை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாள். "பிறப்புச் சான்றிதழ், ஸ்ரூடியோப் படம், தாய் தகப்பன் ரெண்டு பேரின்ரையும் சம்மதக் கையெழுத்து. அவை ரெண்டு பேரும் எங்கை?"

"நான் தாயின்ரை தகப்பன். ரெண்டும் ஒரு ஆளிலை வருகுதுதானே."

"வராது, ஐயா."

"சரி, எடுத்தால் எத்தினை வருசத்துக்குச் செல்லும்?"

"உங்கடை பாஸ்போட் பத்து. பிள்ளையின்ரை மூண்டு."

பிலிப்புவுக்கு வயது அறுபத்தொன்பது. "சாகப்போற எனக்குப் பத்து, வாழப்போறவனுக்கு மூண்டோ? நல்ல நீதி."

"சின்னப் பிள்ளையளின்ரை முகம் கெதியா மாறும், ஐயா. பேந்து படமும் ஆளும் பொருந்தாது. அதுக்குத்தான்."

அந்தச் சொல் பிலிப்புவின் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்தி நின்றது.

நாற்பத்தைந்து வருசம் கடலில் கிடந்த மனுசன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கரையில் இருக்கிற எவனையும் நம்பக்கூடாது என்று படிக்க அது போதுமாக இருந்தது. வானொலியில் காற்றுச் சொல்லுகிறவனை நம்பமாட்டார். அவன் வள்ளத்தில் ஏறுவதில்லை. மருமகன் றஜிந்தனை நம்பமாட்டார். அவன் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறான். எல்லாவற்றையும்விட எதிர்க்கரை இந்தியாவை நம்பமாட்டார். அங்கேயிருந்து வந்த றோலர் இழுவைப்படகுகள் அவருடைய வலையை மூன்று தரம் அறுத்துக்கொண்டு போனவை. "உயிர் போனாலும் அந்தக் கரையிலை கால் வைக்கமாட்டன்" என்பது அவர் பேச்சு. கலியாணம் முடித்த வருசம், வேளாங்கண்ணியை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோமா என்று மனைவி மரியநாயகி கேட்டபோதும் ஒரு மறுப்புத்தான். பிறகும் சில வருசம் கேட்டுப் பார்த்துவிட்டு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

நேர்த்திக்கடன் வந்துதான் அவரை மடக்கியது. பேரன் றயன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். முப்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டு உள்ளங்கை அளவில், மூக்கில் குழாயோடு கிடந்தான். மரியநாயகி அந்த அறை வாசலில் முழங்காலில் நின்று மாதாவுக்கு நேர்ந்தாள்: பிள்ளையைத் தா, தலையில் கத்தி படாமல் வளர்த்து, மூன்று வயது முடிய முன்னம் கூட்டிக்கொண்டு வந்து முடி இறக்குகிறேன். பிள்ளை பிழைத்தான். முடி இடுப்புவரை வளர்ந்தது. இந்தத் தை மாதம் பிலிப்பு, "எந்தக் கோயிலிலை இறக்கிறது?" என்று கேட்டபோது, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வேளாங்கண்ணியிலை" என்றாள்.

"மடுவிலையும் மாதாதானே இருக்கிறா. விடிய பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முந்தி மடு. நீ கடல் கடந்தோ நேருவாய்?"

"நேர்ந்த இடத்திலைதான் இறக்க வேணும். இடம் மாத்தினால் பிள்ளைக்குக் கூடாது."

அரசாங்கத்தோடு சண்டை பிடிக்கலாம், மாதாவோடு ஏலாது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகிற கப்பலில் ஆவணிக் கடைசியில் நாலு இடம் போட்டாயிற்று: அவர், மரியநாயகி, மகள் ஜெசிதா, றயன். றஜிந்தனுக்குத் தொழில் இருக்கிறது. பெரிய ஆட்களின் பாஸ்போட் மூன்றும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. புரட்டாதி பத்தாம் தேதி றயனுக்கு மூன்று வயது முடிகிறது.

அன்று கந்தோரிலிருந்து வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைச் சாத்த முன்னமே தொடங்கினார்.

"இஞ்சரும் மரியா. மூண்டு வருசத்திலை முகம் மாறினாலே படம் பொருந்தாதாம். இவன் முடியோடை போய் நாலாம் நாள் மொட்டையோடை வந்து நிண்டால்? 'படத்திலை இருக்கிற பிள்ளை எங்கை, இது ஆரின்ரை பிள்ளை?' எண்டு மறிச்சு வைப்பாங்கள்."

"ஒருத்தரும் மறிக்கமாட்டினம். வரேக்கை ஒரு கரைச்சலும் வராது."

"உனக்கென்ன தெரியும்? நீ கந்தோருக்கு வந்தனியே?"

மரியநாயகி உலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

முடி இறக்க முன்னம் வெட்டினால் நேர்த்தி முறியும். முடியோடு படம் எடுத்தால் திரும்பி வரேலாது. ஆகவே தலையில் முடி இருக்க வேண்டும், படத்தில் இருக்கக்கூடாது. இப்படி ஒரு சுழியைக் கடலில் எத்தனையோ தரம் வென்றவர் பிலிப்பு. ஜெசிதாவையும் றயனையும் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் சுபாஸ்கரனின் ஸ்ரூடியோவுக்குப் போனார்.

"ஐயா, காது ரெண்டும் தெரிய வேணும்" என்றான் சுபாஸ்கரன். "முடியைக் கொஞ்சம் கத்தரிச்சால்..."

"கத்தரிச்சால் உன்ரை கையைக் கத்தரிப்பன். கொம்பியூட்டரிலை மொட்டை அடிச்சு விடு."

"ஏலாது, ஐயா. இது நேரடியாக் கந்தோருக்குப் போற படம். ஒரு மயிரும் மாத்தேலாது."

பிலிப்பு எழும்பிப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு வந்தார். அரைப் போத்தலைப் பேரன் தலையில் கவிழ்த்தார். வலைக்கயிறு இறுக்கிய கைகள் அவருடையவை. முடியெல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்து, முறுக்கி, பிடரியில் ஒரு கொண்டையாகக் கட்டினார். இழுத்த இழுவையில் பிள்ளையின் புருவம் இரண்டும் நெற்றியின் நடுவுக்கு ஏறிவிட்டன.

படத்தில் ஒரு மொட்டைப் பிள்ளை இருந்தது. தலை பளபளத்தது. யாரோ அதற்குக் கெட்ட செய்தி சொன்னதுபோல முழித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இது றயன் மாதிரியே இல்லை" என்றாள் ஜெசிதா.

"இப்ப இல்லை. வரேக்கை அச்சு அசலா இருப்பான்."

றஜிந்தனும் வந்து, சிரித்துச் சிரித்துக் கையெழுத்து வைத்தான். பாஸ்போட் வந்தது, விசாவும் வந்தது. பிலிப்பு சந்தியில் நின்று, மூளை என்பது புத்தகத்தில் வருகிற சாமான் இல்லை என்று நாலு பேருக்குச் சொன்னார்.

கப்பலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, முற்றத்தில் றயன் முடியைப் பறக்கவிட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழும்பினார்.

"வரேக்கை சரி. போகேக்கை?"

"அப்பா, அதைத்தானே நான் அண்டைக்குச் சொன்னனான்" என்றாள் ஜெசிதா.

"சொன்னால் வடிவாச் சொல்ல வேணும்."

உடனே பங்குக் கோயிலின் ஜெறோம் சுவாமியிடம் போனார். சுவாமி நல்ல மனுசன். கேட்டபடி எழுதிக் கொடுத்தார். 'இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் முடியுள்ள பிள்ளையும், படத்தில் உள்ள முடியில்லாத பிள்ளையும் ஒரே பிள்ளை என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' ஆனால் கப்பல்காரன் வேதக்காரனாக இல்லாவிட்டால் சுவாமியின் கடிதம் எடுபடுமோ? கிராம அலுவலரான விதானையாரிடம் ஒன்று வாங்கினார். விதானையாரை எவன் நம்புவான்? கடற்றொழிலாளர் சங்கத்தின் முத்திரை குத்தி ஒன்று வாங்கினார். அதுவும் போதாமல் சந்திச் சலூன்காரரைப் பிடித்து, 'நான் இந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் முடி வெட்டியதில்லை' என்று எழுதுவித்தார். சலூன்காரருக்குத் தான் செய்யாத வேலைக்குச் சான்று கொடுப்பது இதுதான் முதல் தரம்.

மரியநாயகி கடிதங்களைப் பார்த்தாள். "உது ஒண்டையும் காட்டாதையுங்கோ. பேசாமல் போனால் பேசாமல் விடுவினம்."

"பேசாமல் போறவனைத்தான் பிடிக்கிறவங்கள்."

காங்கேசன்துறையில் அன்று காலை காற்று அடங்கிக் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. வரிசை நகர்ந்தது. குடிவரவு மேசையில் இருந்த இளந்தாரி ஜெசிதாவின் பாஸ்போட்டுக்கு முத்திரை குத்தினான். மரியநாயகிக்குக் குத்தினான். பிலிப்புவுக்குக் குத்தினான். நாலாவதை விரித்து, தாயின் தோளில் நித்திரையில் கிடந்த பிள்ளையை அரைக் கண்ணால் பார்த்து, முத்திரையைத் தூக்கினான்.

"பொறும் தம்பி" என்றார் பிலிப்பு. "குத்த முந்தி இதுகளை ஒருக்கா வாசியும்."

நாலு கடிதமும் மேசையில் விழுந்தன. இளந்தாரி ஒவ்வொன்றாக வாசித்தான். சலூன்காரருடையதை இரண்டு தரம் வாசித்தான். பிறகுதான் படத்தை முழுக் கண்ணால் பார்த்தான்.

"ஐயா, இதென்ன? ஒரு பிள்ளையை ஒரே பிள்ளை எண்டு ஏன் நாலு பேர் சொல்ல வேணும்?"

"நீர் நம்பமாட்டீர் எண்டுதான்."

"நான் நம்பிக்கொண்டிருந்தனான்."

முத்திரையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் மேலதிகாரி அம்மாவைக் கூட்டிவந்தான். அவர் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து, "குஞ்சு, உங்கடை பேர் என்ன?" என்று கேட்டார்.

றயன் நித்திரை முறிந்து முழித்தான். "சொல்லமாட்டன். ஒருத்தரையும் நம்பக்கூடாதெண்டு அப்பு சொன்னவர்."

"அப்பு ஆர்? இவரோ?"

பிள்ளை பிலிப்புவை மேலும் கீழும் பார்த்தான். தான் படித்த பாடத்தை மறக்காத பிள்ளை.

"சொல்லமாட்டன்" என்றான்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளையளின்ரை விசயம், ஐயா. நாங்கள் கவனமா இருக்க வேணும். கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. மற்ற ஆக்கள் போகட்டும்."

மற்ற ஆட்கள் போனார்கள். கப்பல் ஒருதரம் ஊதியது. ஜெசிதா பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அதில் படம் இல்லை. அடுத்த கப்பலில் இடம் புரட்டாதி நடுவில்தான். அதற்குள் மூன்று வயது முடிந்துவிடும். பிலிப்புவுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த முப்பத்திரண்டு நாளும் டொக்டரையும் நம்பாமல், மருந்தையும் நம்பாமல், வெளியே மர வாங்கில் குந்தியிருந்தவர் அவர். மாதா ஒருத்திதான் சொன்னதைச் செய்தவ. அவவுக்குக் கொடுத்த வாக்கைத் தன் நாலு கடிதத்தால் தானே கெடுத்துவிட்டாரோ?

"தங்கச்சி, ஒரு நிமிசம்" என்று மரியநாயகி அதிகாரி அம்மாவிடம் சொன்னாள். கைப்பையைத் திறந்தாள். அதற்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வந்தது, சீப்பு வந்தது, ஒரு கறுத்த றப்பர் வளையமும் வந்தது. பிள்ளையை மேசையில் நிறுத்தி எண்ணெயை வார்த்தாள், இழுத்தாள், முறுக்கினாள், கட்டினாள். புருவம் இரண்டும் மெல்ல நெற்றிக்கு ஏறின.

இளந்தாரி பாஸ்போட்டைப் பிள்ளையின் காதருகே பிடித்தான். அதே பளபளப்பு, அதே முழி.

அதிகாரி அம்மா கன நேரம் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். "குத்தி விடும், தம்பி. ஐயா, உந்தக் கடிதங்களைக் கடலிலை போடுங்கோ."

முத்திரை விழுந்த சத்தம் பிலிப்புவுக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

மரியநாயகி போத்தலை நன்றாக மூடி, சீப்பையும் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "பாதி கிடக்கு. வரேக்கைக்குப் போதும்."

"வரேக்கை மொட்டையெல்லோ. மொட்டைக்கு என்னத்துக்கு எண்ணெய்?" என்றார் பிலிப்பு. அவள் படியில் ஏறிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லைப் போலும்.

கப்பல் துறையை விட்டு விலகியது. கால் மணித்தியாலத்துக்குள் பிலிப்பு பழைய பிலிப்பு ஆகிவிட்டார். யன்னலோரத்தில் காலை நீட்டி, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் கதை சொன்னார். தான் எண்ணெய் வைத்துப் படம் எடுப்பிக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கப்பல் ஏறியிருக்க ஏலாது என்றார். மனுசர் எல்லாரும் ஏமாத்துக்காரர், தன்னை மட்டும் இந்த அறுபத்தொன்பது வருசத்தில் ஒருத்தரும் ஏமாத்தினதில்லை என்றார்.

"நாளைக்கு விடிய முதல் வேலை முடி இறக்கிறது" என்று மனைவியிடம் திரும்பினார். "கத்தி புதுசோ எண்டு நான் பாத்துத்தான் விடுவன். அதோடை இவன் படத்திலை இருக்கிறமாதிரி ஆயிடுவான். வரேக்கை ஒருத்தன் வாய் திறக்கட்டும் பாப்பம்."

மரியநாயகி கரை சிறுத்துச் சிறுத்து ஒரு கோடாகிப் போவதை ஆசை தீரப் பார்த்து முடித்தாள். பிறகு பேரனை மடிக்கு இழுத்து, கொண்டையை அவிழ்த்து முடியை உலர விட்டாள்.

"இஞ்சாரப்பா, அங்கை இவன்ரை தலையிலை கத்தி பட விடாதையுங்கோ, இந்த முடி மடு மாதாவுக்கு நேர்ந்தது, உங்களைக் கப்பல் ஏத்திறதுக்குத்தான் நான் வேளாங்கண்ணி எண்டனான்."