கடலுக்கு வந்த மே மாதம்

எனக்கு அல்சர் இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இத்தனை வருஷமாக வயிற்றில் எரிவது என்ன என்று என் மனைவி மல்லிகாவைக் கேட்டால் ஸ்கேன் எதுவும் எடுக்காமலே சொல்வாள்: "பழனி." பழனி அவள் தங்கை கீதாவின் வீட்டுக்காரன். எனக்குச் சகலை.

மைசூரில் ஒரு எலெக்ட்ரிகல் கம்பெனியில் நான் சீனியர் சூப்பர்வைசர். பழனியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். (ஆமாம், நானேதான். "பையன் தங்கம் சார்" என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.) தங்கம் ஆறே வருஷத்தில் எனக்குச் சமமாக வந்து உட்கார்ந்தது. அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் நாற்காலி காலியானது. அது எனக்குத்தான் என்று விஜயநகரில் எங்கள் தெருவில் பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது வந்தது அந்தமான் வேலை. அங்கே கடைக்கோடியில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு சின்னப் படகுத்துறை. கரண்டுக்குப் புகை கக்கும் ஒரு கிழட்டு ஜெனரேட்டர். குடிதண்ணீரைக் குடத்தில் சுமந்துதான் படகுக்கு ஏற்ற வேண்டும். அதையெல்லாம் மாற்றி, துறை நெடுகக் கம்பங்கள் நட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கரண்ட் பெட்டியும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைத்துத் தர வேண்டும். படகு வந்து நின்றதும் ஒயரையும் ஓஸையும் மாட்டிக்கொண்டால் போதும். முதலாளி இந்த வேலையைப் பழனியிடம் கொடுத்தார். "இதை நல்லா முடிக்கறவருக்குத்தான் மேனேஜர் போஸ்ட்" என்றும் சொன்னார்.

பழனி இரண்டு முறை போய் வந்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் நீலக் கடலாக வந்து குவிந்தன. கௌதள்ளியில் விவசாயம் பார்க்கும் என் மாமனார் எனக்கே நேராகப் போன் போட்டார்.

"ஏனுங் மாப்ளை, சின்னவரு கடலுக்கே கரண்டு குடுக்கறாராமா. நீங்க இப்ப எதுக்குங்க குடுக்கறீங்க?"

"ஒரு அப்பார்ட்மெண்ட் லிப்டுக்குங்க மாமா."

"அதுஞ் செரி" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் நான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

கடைசிக் கட்டத்தில் கடவுள் கண் திறந்தார். கீதாவுக்குப் பிரசவத் தேதி நெருங்கிவிட்டது. திறப்பு விழாவுக்குப் பழனி போக முடியாது. நான் அவன் தோளில் கை வைத்து, "குடும்பம்தான்பா முக்கியம். நான் போறேன்" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. (எனக்கும்தான். வேறு காரணம்.)

"ண்ணா, எல்லா வேலையும் முடிஞ்சிருச்சுங்ணா. நீங்க போய் சுவிட்ச் போட்டாப் போதும். டிராயிங்ல சிவப்பு மையில ஒரு குறிப்பு எழுதிருக்கேன், அத மட்டும் பாத்துக்கங்க."

அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே நான் படிக்கவில்லை.

கப்பலில் எனக்கு நடந்ததைச் சொல்வது நாகரிகம் இல்லை. தீவில் இறங்கி, மறுநாள் காலை துறைக்குப் போனேன். வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பிறகு பார்த்தேன், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒயரும் ஓஸும் மூட்டை மூட்டையாகச் சுருண்டு தொங்கின. கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிற படகுக்கு இத்தனை நீளம் எதற்கு? கிடைத்ததடா என்று உள்ளே ஒரு குதி குதித்தேன். இரண்டு ஆட்களைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெட்டிக் குறுக்கி, விறைப்பாக, வரிசையாக, சுலபத்தில் கழன்று வராத பூட்டு பிளக் போட்டு முடித்தேன். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு போட்டோ எடுத்து முதலாளிக்கும் குடும்ப குரூப்புக்கும் அனுப்பினேன். சிக்னல் இல்லாமல் இரண்டும் போகாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நின்றன.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் தங்கராஜ். தமிழர்தான். விழாவுக்கு அலங்கரிக்கப்போவது அவருடைய படகை.

"அண்ணே, இவ்ளோ இழுத்து வைக்காதீங்க. தண்ணி எறங்கும்."

எனக்கா தெரியாது? கே.ஆர்.எஸ். அணையைப் பார்த்து வளர்ந்தவன் நான். "தெரியும்ப்பா. ஏப்ரல், மே மாசத்துலதானே? அதுக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்கு. அப்ப பாத்துக்கலாம்."

தங்கராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு எந்த ஊருண்ணே?"

"மைசூர்."

"ஆங்" என்றார். படகில் ஏறித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அறைக்குப் போய், கப்பல் மயக்கம் தீர, மறுநாள் காலை வரை தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தேன். தண்ணீர் நேற்றைய இடத்திலேயேதான் இருந்தது.

விழா பதினொரு மணிக்கு. அந்தத் தீவில் சிக்னல் கிடைக்காது என்பார்கள். அன்றைக்கென்று பார்த்து அருமையாகக் கிடைத்தது. போனைச் சுவர்மேல் சாய்த்து வைத்து, கௌதள்ளிக்கு வீடியோ கால் போட்டேன். மாமனார், மாமியார், மல்லிகா, ஆஸ்பத்திரியிலிருந்து பழனி, எல்லோரும் பார்த்தார்கள். விழாவுக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரி சுவிட்சைப் போட்டார். படகு முழுக்க விளக்கு எரிந்தது. கைதட்டல். "பலே மாப்ளை!" என்று போனிலிருந்து மாமனார் குரல் வந்தது. ஆறு வருஷமாகக் கேட்காத குரல். மேனேஜர் நாற்காலியில் அந்த நிமிஷமே உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி இந்தியில் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போனபின் பார்த்தேன், படகு கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தது. வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று நினைத்தேன். அடுத்த அரை மணியில் ஒயர் கம்பியாக விறைத்தது. ஆகா, என்ன நேர்த்தி என்று பூரித்தேன். அப்புறம் படகு என் பக்கமாகச் சாய்ந்தது. பெட்டி கிறீச்சென்று சத்தம் போட்டது. போனில் பழனி "ண்ணா, மெயினை அணைங்க! ண்ணா!" என்று கத்தினான். நல்லவேளை, பாய்ந்துபோய் அதையாவது செய்தேன்.

முதலில் ஓஸ் பிய்த்துக்கொண்டது. குடிதண்ணீர்த் திட்டத்தின் முதல் குடிதண்ணீர் அதிகாரியின் முகத்தில் பீய்ச்சியடித்தது. அடுத்து கம்பம் மெதுவாகக் குனிந்து அவரை வணங்கியது. கடைசியில் பெட்டி, ரிப்பன், சாமந்தி மாலை, குங்குமப்பொட்டு எல்லாவற்றோடும் கழன்று கடலில் விழுந்தது. தங்கராஜ் என் பக்கத்தில் வந்து நின்று, எட்டி, கீழே பார்த்தார்.

"மே மாசம் வந்துருச்சுண்ணே" என்றார்.

கடல் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும் என்பதையும், படகும் கூடவே ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும் என்பதையும் அன்று மத்தியானம் சிவப்பு மையில் படித்தேன். அழகாகவே எழுதியிருந்தான்.

முதலாளி கன்னடமும் தமிழும் கலந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன்ரீ, நீங்க ஒயர் போட்ட லிப்டெல்லாம் ஒரே மாடிலயா நிக்குது?" மகள் பிறந்த பத்தாம் நாள் பழனி தீவுக்குப் போனான், எல்லாவற்றையும் சரி செய்தான், அதிகாரியோடு சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தான், மேனேஜர் ஆனான். "அண்ணா மேல தப்பில்லைங்க, குறிப்பை நான் இன்னும் பெருசா எழுதியிருக்கணும்" என்று முதலாளியிடம் எனக்காகப் பேசினானாம். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் பாத்திரத்தில் பால் குறைந்தாலும், டேங்கில் தண்ணீர் தீர்ந்தாலும், எனக்கு முடி கொட்டினாலும் "மே மாசம் வந்துருச்சு"தான். விசேஷம் என்றால் பழனி கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். தங்கராஜ் குரலில் பேசுவான், கம்பம் மாதிரி குனிவான். அவன் கதையில் நான் பெட்டியைப் பிடிக்கக் கடலில் குதிக்கிறேன். நான் குதிக்கவில்லை. ஆனால் குதித்தால்தான் நன்றாக இருக்கிறது.

போன பொங்கலுக்கு, என் மானம், என் கப்பல், என் கடல், இதை நானே சொன்னால் என்ன என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். துறை வரைக்கும்கூட வரவில்லை, மாமனார் கையைக் காட்டினார்.

"நீங்க செத்த சும்மா இருங்க மாப்ளை. சின்னவரே சொல்லட்டும். அவரு சொன்னாத்தான் நல்லாருக்கு."

மல்லிகா உள்ளே போய், கேட்காமலே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.