பின்வாசல் அண்ணனும் பதினாறு மேடுகளும்

காரைக்குடியில் கார் வைத்திருந்தவர்களிலேயே அடுத்தவர்களை அதிகம் நடக்கவிட்டவர் பின்வாசல் அண்ணன்தான். அவருடைய காரில் செக்காலையிலிருந்து பள்ளத்தூர் போய்த் திரும்பியவனை நீங்கள் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். செருப்பு தேய்ந்திருக்கும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டை ஒட்டிய சாமான் கிட்டங்கிக்கு மேலே மாடியில் ஒன்பது வருடம் குடியிருந்தேன், வாடகைச் சீட்டில்கூட அவர் 'பி.வா.' என்றுதான் கையெழுத்துப் போடுவார். பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிற தொழில். தூண், கதவு, நிலைக்கண்ணாடி, பீங்கான் ஜாடி. விற்கிற வீட்டுக்குக் கவுரவம் போகக்கூடாது என்று எந்தச் சாமானையும் முன்வாசல் வழியாக எடுக்கமாட்டார். செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஊர் கண் அசந்திருக்கும்போது, சாமான் பின்வாசல் வழியாகப் போய்விடும். பெயர் அப்படி வந்ததுதான்.

விற்கத் தயங்குகிறவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "ஆச்சி, ஒரு கை பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு அதுக்கு. இன்னொரு கை பாக்கட்டுமே." அந்த வாக்கியத்துக்கு அசையாத தூண் சிவகங்கை ஜில்லாவில் இருந்ததில்லை. கூடவே ஒரு சட்டமும் உண்டு. விற்றவர்கள் சாமானுக்குப் பின்னால் பின்வாசல் வரை வரக்கூடாது. "உள்ளயே உக்காந்து ஒரு வாய் காப்பி குடிங்க. பின்னாடி வந்தா மனசு மாறிப்போகும்."

இப்படிப்பட்டவருக்கு ஒரு சாமான்மேல் மட்டும் மனசு போனது. ஊட்டியில் யாரோ ஒருவருடைய பங்களாவுக்கு இரண்டு வீட்டுக் கதவுகளைக் கொடுக்க லாரியில் போனவர், கதவுகளுக்குப் பதிலாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு அதையே ஓட்டி வந்தார். எலுமிச்சம்பழ மஞ்சள். இரண்டே இருக்கை. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம், திரும்பிப் படுக்க முடியாது.

செக்காலையிலிருந்து பள்ளத்தூருக்குள் நுழைவது வரை அப்போது பதினாறு வேகத்தடைகள். அண்ணன் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். பல்டாக்டர் மேடு, மாவுமில் மேடு, வக்கீல் மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். "வாத்தியாரே, எறங்கிக்கங்க. ஒரு ஆள் எறங்குனா வயிறு அரை விரக்கடை தூக்கும்." நான் இறங்கி மேட்டைக் கடந்து நடப்பேன். அவர் வண்டியைக் கோணலாகத் திருப்பி, நோயாளியைப் படியில் இறக்குகிற மாதிரி ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். பிறகு அந்தப் பக்கம் எஞ்சினை அணைக்காமல், உள்ளேயிருந்தே கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அவருக்கு அங்கே பார்க்க வேண்டிய வீடுகள். நாங்கள் பதினாறு முறை பிரிந்து பதினாறு முறை சேர்ந்து ஊர் போய்ச் சேருவோம். டவுன் பஸ் எங்களை இரண்டு முறை கடக்கும். அது போகும்போது ஒரு முறை, போய்த் திரும்பும்போது எதிரே ஒரு முறை.

முதல் மேடு அவர் வீட்டுப் பின்வாசலை ஒட்டியே, ஆரம்பப் பள்ளிக்காகப் போட்டது. வண்டி நிற்கிற பின்கட்டில் ஏறி உட்கார்ந்து பத்தடி போனதும் இறங்க வேண்டும். "மேட்டுக்கு அங்குட்டு வந்தே ஏறிக்கிறேனே அண்ணே" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள ஏறுனாத்தான் மருவாதி, வாத்தியாரே."

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியைக் கொடுத்தார். ஓட்டியதும் அவரே. பட்டுவேட்டி மாப்பிள்ளை மேட்டுக்கு மேடு இறங்கி நடந்தார். ஏழாவது முறை இறங்கியபோது பெண்ணின் தாய்மாமன் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, என்ன குறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. செஞ்சுருவோம்."

தனியாகப் போகும்போது பக்கத்து இருக்கையில் பித்தளை அண்டாவை வைத்து பெல்ட் போட்டிருப்பார். மேடு வந்தால் தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, "இதக் கொஞ்சம் புடிங்க" என்று கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொள்வார். அண்ணி ஒரே ஒரு முறை ஏறினார், கோயிலுக்கு. "அண்டாவா இருந்தா யாராச்சும் தூக்கிட்டு வருவாக. நான் நடக்கணும்" என்றவர் மறுபடி ஏறவில்லை.

ஆனால் ஒக்கூர் தாண்டி மேடில்லாத ஒரு நேர்ரோடு உண்டு. அங்கே ஒருநாள் அவர் நாலாவது கியர் போட்டார். புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பச்சைச் சுவராக ஓடின. காற்று என் சட்டைக்குள் புகுந்து இன்னொரு ஆளாக உட்கார்ந்துகொண்டது. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆளுக்கொரு குச்சி ஐஸ் வாங்கித் தின்றோம். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. "தூசி" என்றார். அவர் பக்கக் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மலையடிவாரத்தில் தங்கும் விடுதி கட்டுகிறவர். கிட்டங்கியில் இரண்டு வீட்டுத் தேக்கு மரச் சாமான் இருந்தது. அதையும் மஞ்சள் காரையும் கொடுத்தால், தன்னிடமிருக்கும் சூப்பர் காரைத் தருவதாகச் சொன்னார். செல்போனில் படம் காட்டினார். கரும்பச்சை. கதவு பக்கவாட்டில் திறக்காது, சேவல் இறக்கையைத் தூக்குகிற மாதிரி மேலே எழும்.

"ஞாயித்துக்கெழம கொண்டாறனுங்க. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கைமாறிப் போடோணும். இல்லீன்னா கொச்சிக்காரர் ஒருத்தர் காத்துட்டிருக்காருங்க."

அந்த ஒரு வாரம் அண்ணன் அண்ணனாக இல்லை. காலையில் அளவுகோலோடு கிளம்பி மேடுகளின் உயரத்தை அளந்தார். பச்சைக் கார் மஞ்சளைவிடத் தாழ்வு என்று தெரிந்தது. முகம் தெளிந்தது. சாயங்காலம் படத்தை மறுபடி பார்த்தார். முகம் கெட்டது. மஞ்சள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்தவரா பெண்ணைக் கொடுத்தவரா என்று தெரியாத ஒரு நடை. கிட்டங்கியில் வாங்க வந்தவர்களிடம் விலை சொல்ல மறந்தார்.

"வாத்தியாரே, கவிதையெல்லாம் எழுதுறீகள்ல. நீங்க சொல்லுங்க. குடுக்கவா, வேணாமா?"

"கவிதை எழுதறவன்கிட்ட கார் யோசனை கேக்கலாமாண்ணே?"

"வேற யாருகிட்ட கேட்டாலும் மைலேஜ் எவ்வளவுங்கிறான்."

அண்ணி இட்லித் தட்டை வைத்தபடி சொன்னார். "குடுக்கிறதுன்னா குடுங்க, வேணாம்னா விடுங்க. மூஞ்சிய இப்புடி வச்சுக்கிட்டு மட்டும் சாப்புடாதீக. சட்னிக்கு வருத்தமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது, வண்டி ஏற்றும் பெரிய லாரி செக்காலை ரோட்டிலேயே நின்றிருந்தது. சந்துக்குள் அதனால் திரும்ப முடியவில்லை. பச்சைக் கார் மட்டும் இறங்கி வந்து பின்தெருவில் நின்றது. அது நின்ற விதமே பாய்கிற விதமாக இருந்தது. தெரு முழுக்கக் கூட்டம்.

மத்தியானச் சாப்பாடு, பேச்சு, கிட்டங்கியில் தேக்கைத் தட்டிப் பார்ப்பது என்று மணி மூன்றாகிவிட்டது. "ஓட்டிப் பாருங்க. மேடு வந்தா இந்தப் பட்டனை அமுக்குங்க, போதும்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏறினேன்.

முதல் மேடு வந்தது. பழக்கதோஷம், கதவைத் திறந்துவிட்டேன். அது விசுக்கென்று மேலே எழும்பியதில் பக்கத்தில் வந்த மொபெட்காரர் சாக்கடை வரை போய்த் திரும்பினார். "இருங்க வாத்தியாரே. எறங்காதீக" என்று அண்ணன் பட்டனை அமுக்கினார். வண்டி முன்காலை ஊன்றி எழுகிற குதிரை மாதிரி மூக்கைத் தூக்கியது. சத்தமில்லாமல் மேட்டில் ஏறி இறங்கியது. பல்டாக்டர் மேடு, மாவுமில் மேடு, வக்கீல் மேடு, எல்லாம் ஒரே பட்டன். பாதி நேரம்கூட ஆகவில்லை, பள்ளத்தூர் வந்துவிட்டது. வழியில் நாங்கள் எதுவும் பேசவில்லை. பேச எங்கேயும் நிற்கவில்லை.

வழக்கமான டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் காரைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னைக்கு நடக்காம வந்துட்டீக?"

அண்ணன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நல்ல வண்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நல்ல வண்டிதான்" என்றார். எதிர்க்கட்சிக்காரரைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது மணி நாலு. பின்கட்டில் மஞ்சள் கார் துடைத்து நின்றது. கோயம்புத்தூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க சொல்றீங்க?"

அண்ணன் மஞ்சள் காரின் சாவியை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். நாலு ஐந்து. நாலு பத்து.

கோயம்புத்தூர்க்காரர் சிரித்தார். "அட, ஒரு கை பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்குமுங்க அதுக்கு. இன்னொரு கை பாக்கட்டுமேங்க."

அண்ணன் நிமிர்ந்தார். "இத எங்குட்டுக் கேட்டீக?"

"போன மாசம் ஒரு ஆச்சிகிட்ட நீங்கதான சொன்னீங்க? நானும் பக்கத்துல இருந்தனுங்களே."

முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டு முற்றங்களில் சொன்ன வாக்கியம், தன் வீட்டுக்கே வழி கேட்டு வந்து நின்றது. அதற்கு ஒரு பதில் இருந்திருந்தால் அந்த ஆச்சிகளே எப்போதோ சொல்லியிருப்பார்கள். அண்ணன் சாவியை நீட்டினார். மணி நாலு பதினெட்டு.

லாரி டிரைவர் மஞ்சள் காரில் ஏறினார். "லாரி வரைக்கும் நானும் வர்றேன்" என்று கோயம்புத்தூர்க்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். வண்டி நகர்ந்தது. அண்ணன் கூடவே இரண்டடி வைத்தார்.

"விக்கிறவுக பின்வாசலுக்கு வரக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீக?" என்றார் அண்ணி, பின்கட்டிலிருந்து. "உள்ள வாங்க, காப்பி போட்டுருக்கேன்."

அண்ணன் நின்றார். வண்டி பின்வாசலைத் தாண்டியது. அண்ணன் ஓடினார். அறுபது வயதில், வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடிப்போய், மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டியின் முன்னே நின்று இரண்டு கையையும் அதன் மூக்கில் வைத்தார்.

"எறங்குங்க."

"எதுக்குங்க?"

"மேடு. எறங்கி அங்குட்டு நடந்து வந்து ஏறிக்கங்க. வயிறு தட்டும்."

கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடியை இறக்கி மேட்டை எட்டிப் பார்த்தார். "இதுக்கா? வண்டி நம்மளச் சுமக்கத்தானுங்க. அதுக்காக நான் நடக்கறதுங்களா? தட்டுனா தட்டிட்டுப் போகுது. நீ எடுப்பா."

டிரைவர் எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணன்மேல்தான் எடுக்க வேண்டும்.

"மூணடி நடக்கணும். அவ்வளவுதான்" என்றார் அண்ணன். குரல் கெஞ்சியது. அவர் கெஞ்சி நான் கேட்டது அன்று மட்டும்தான். "ஒரே ஒரு தடவ எறங்குங்க. வண்டியக் கொண்டு போயிருங்க."

தெரு முழுக்கக் கோயம்புத்தூர்க்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் வெளியே வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. வெயில் மேட்டின் வெள்ளைக் கோடுகளில் மினுமினுத்தது. நாலு இருபத்தாறு.

"வெயில்ல நடக்கறதுக்கா கார் வாங்கறோம்?" என்று அவர் கண்ணாடியை ஏற்றினார்.

அண்ணன் நிதானமாகச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "சாவியக் குடுங்க தம்பி."

"ராகுகாலத்துக்கு இன்னும் நாலு நிமிசம் இருக்குதுங்க. யோசிங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"யோசிச்சாச்சு. இன்னொரு கை பாக்கலாம். எறங்காத கை பாக்க வேணாம்."

கை எப்படி இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பச்சைக் கார் மூக்கைத் தூக்கி மேட்டைக் கடந்து, லாரியில் ஏறி, கொச்சிக்காரரிடம் போனது. தேக்கு கிட்டங்கியிலேயே கிடந்தது. அண்ணன் மஞ்சள் காரைப் பின்னுக்கு எடுத்துப் பின்கட்டில் விட்டார். அண்ணி காப்பியைக் கொண்டுவந்து வண்டியின் மேல் வைத்தார். "எடுங்க, கோடு விழும்" என்று பதறினார் அண்ணன். பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று எங்களுக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.

மறுநாள் திங்கட்கிழமை. பின்கட்டில் ஏறினேன். பத்தடி போனதும் அவர் சொல்வதற்கு முன்பே இறங்கினேன்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். வாடகைக் கார்களில் போகிறேன். வேகத்தடை வந்தால் என் கை தானாகக் கதவின் பிடியைத் தேடுகிறது. "என்ன சார், இங்கயே எறங்கணுமா?" என்று டிரைவர் கேட்கிறார். இல்லை என்கிறேன். இறங்கி நடக்க எனக்கொன்றும் கஷ்டமில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம், எஞ்சினை அணைக்காமல், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் இருக்க வேண்டுமே.