தெருவெல்லாம் நிழல் கேட்டவர்

மரநேசர் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், மரத்தடியில் அல்ல, மரத்தைப் பற்றிய கூட்டத்தில்.

கீரமங்கலத்தின் ஓரத்தில், தென்னந்தோப்பு மனைகளாகி, மனைகள் தெருவாகி, தெரு முழுக்க வண்டிகள் நிற்கும் மல்லிகை நகரில் அவருக்குப் பெயர் குழந்தைசாமி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைத்து இருபுறமும் மரம் வைக்கலாமா என்று பேரூராட்சி கேட்டபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். புயலில் சாய்ந்த மரங்களை நினைத்துக் குரல் தழுதழுத்தார், வேப்பங்காற்றின் மகிமையைச் சொன்னார், கார் வைத்திருப்போரின் சுயநலத்தைச் சாடினார், நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தும் கொண்டார். குறை சொல்ல முடியாத பேச்சு. பேச்சுகள் அப்படித்தான் இருக்கும்.

அவருக்கும் ஒரு கார் உண்டு. உறை போர்த்தியபடி எதிர்வீட்டு அமராவதியின் வாசலில் நிற்கும். தன் வாசலில் கோலம் போட இடம் வேண்டாமா?

அமராவதி வீட்டின் முன்புறம் தகரக் கொட்டகை போட்டுத் தையல் தொழில் செய்பவர். மேற்குப் பார்த்த வாசல். மதியத்துக்கு மேல் மெஷினில் கை வைக்க முடியாமல், வருகிற துணியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே தன் வாசலுக்கு ஒரு வேப்பங்கன்று கேட்டார்.

குழந்தைசாமிக்கு அப்போதுதான் வேப்பமரத்தின் குணம் முழுதாகத் தெரிந்தது. வேர் செப்டிக் டேங்கைப் பிளக்கும் என்றார். இலை குப்பை என்றார். வாசலுக்கு நேரே மரம் ஆகாது என்று வாஸ்துவையும் துணைக்கு அழைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒங்க காரை எடுத்தாப் போதும்."

"ஓடுற காரா இருந்தா எடுக்க மாட்டேனாம்மா? ஓடாததை எங்கிட்டுக் கொண்டு போறது?"

ஓடாத கார் பேத்தியின் காதுகுத்துக்கு மட்டும் குலதெய்வக் கோயிலுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது, அது நின்ற இடத்தில் ஒரு வேப்பங்கன்று நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஓரம் மடித்துத் தைத்த சின்னஞ்சிறு மஞ்சள் பாவாடையும் கட்டியிருந்தது.

"ஆத்தா வந்து உக்காந்துட்டா சார். நான் என்ன செய்ய?" என்றார் அமராவதி.

இந்தச் சீமையில் அதன்மேல் யார் கை வைப்பார்? குழந்தைசாமி செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். காரைப் பின்னால் எடுத்து, பக்கத்து வீட்டு நல்லதம்பியின் வாசலில் நிறுத்தினார்.

அடுத்த கூட்டத்தில், ஒரு மரத்துக்காகத் தன் இடத்தையே துறந்த கதையைச் சொன்னார். பலத்த கைதட்டல். நல்லதம்பி வாசல் மண்ணில் மட்டும் எதுவும் வேர் பிடிக்காது என்பதையும் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தெருவிலும் ஒரு மரம் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முதலில் தோன்றியது யார் வாசல்?