கரமடியில் சிக்கிய வேன்

கோவாவில் எட்டு மாதம் டைல்ஸ் ஒட்டியவனுக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு காலத்தில் உண்மையாகவே நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

நான் பாறசாலைக்கு உள்ளே, மரச்சீனிக் கிழங்கும் ரப்பரும் விளைகிற பக்கத்துக்காரன். எட்டாம் வகுப்பில் அப்பா படுக்கையில் விழுந்தார், நான் லாரியில் ஏறினேன். கிளீனர், செங்கல் சூளை, பெயின்டிங், டைல்ஸ் என்று ஊர் ஊராகப் போனேன். எந்த வேலையிலும் இரண்டு கிறிஸ்துமஸ் கண்டதில்லை. படுக்கை பெரும்பாலும் லாரியின் மேல், தார்ப்பாய்க்கு அடியில். அதற்கு எங்கள் ஊரில் பெயர் கஷ்டம். கோவாவில் வெள்ளைக்காரர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வந்து, வேனுக்குள் படுத்து, வெளியே அடுப்பு மூட்டி, அதையேதான் செய்தார்கள். அதற்குப் பெயர் கேம்பிங். அன்றைக்கே சிமென்ட் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஊரில், பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்துபோன ஒரு பள்ளிக்கூட வேன் கிடைத்தது. சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் அடித்தேன். ஜன்னலுக்குத் திரை, ஓரத்தில் கேஸ் அடுப்பு, வாசலில், தங்க வருகிறவர்களின் நாய்க்கு ஒரு மெத்தை. வெளியே நீலப் பெயின்ட். (பின்பக்கம் வரும்போது பெயின்ட் தீர்ந்துவிட்டது. அதனால் ‘ஸ்கூல் பஸ்’ என்ற எழுத்து மட்டும் அப்படியே நின்றது.)

நிறுத்த இடம் தந்தவர் லாசர். பொழியூர்ப் பக்கம், கடலோரத்துத் தென்னந்தோப்பு அவருடையது. சொந்தமாகக் கரமடியும் உண்டு. படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும், அதுதான் கரமடி. வழியில் போகிறவன் கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்கு மீனில் பங்கு உண்டு. அது அந்தத் துறையின் சட்டம்.

லாசரின் மகள் ஷைனியை எனக்குப் பிடித்திருந்தது. ஷைனிக்கும் என்னைப் பிடித்திருந்தது. லாசருக்குத்தான் பிடிக்கவில்லை.

“எலே, ஒரு வேலையில நிலையாட்டு நிக்காதவன் ஒரு பெண்ணுகிட்ட நிப்பான்னு என்ன உறப்பு?” என்றார். “உன் வண்டியில மொதல்ல வந்து தங்குற ஆளுவ, போவும்போ ‘திரும்ப வாறோம்’னு அவங்க வாயால சொல்லட்டு. நீ கேக்கப்படாது. அப்போ வா, பேசுவோம்.”

“சரி மாமா.”

“மாமாண்ணு விளிக்காதே. இன்னும் ஆகல்ல.”

முதலில் வந்தவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற மாத்யூ சார், அவர் மனைவி லிஸி மேடம், கைசர் என்ற கிழட்டு லாப்ரடார். கைசரை விட்டுவிட்டு அவர்கள் எங்கும் போவதில்லை. கைசரைச் சேர்க்கிற ஓட்டலும் கிடையாது. அதனால் ஆறு வருஷமாக வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். கைசர் தன் மெத்தையில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தபோது மேடத்தின் கண் கலங்கிவிட்டது. பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மேடம் கேட்டார்: “ஸ்டீபா, கட்டில்ல படுத்தாக் கடல் காணுமோ?”

படுத்துப் பார்த்தேன். லாசரின் வலைக்கொட்டகையும் அதன்மேல் காய்கிற அவருடைய இரண்டு பனியன்களும் தெரிந்தன. உடனே வேனைக் கிளப்பி, மணலில் இறக்கி, அலை வந்து திரும்புகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினேன்.

லாசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “எலே, கடல் கேறும்! அங்க நிறுத்தாதே!”

“கோவாவிலே இதைவிடப் பக்கத்துல நிறுத்துவாங்க மாமா.”

“மரச்சீனிக்குக் குழி எடுக்கவன் எனக்குக் கடல் படிப்பிக்கான். பின்னே, மாமாண்ணு விளிக்காதே.”

அவர் போய்விட்டார். நான் தங்க என் சின்னக் கூடாரத்தை மேலே தோப்பிலேயே அடித்துக்கொண்டேன். (பயத்தினால் அல்ல. அங்கேதான் போனுக்குச் சார்ஜ் போட இடம் இருந்தது. இதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.)

காலையில் மேடத்தின் குரலில்தான் எழுந்தேன். “ஸ்டீபா! வண்டிக்கு அடியில வெள்ளம்!”

ஓடினேன். நான்கு சக்கரமும் பாதிவரை மணலுக்குள். ஒவ்வொரு அலைக்கும் வேன் ஒரு குலுக்குக் குலுக்கிக் கொஞ்சம் கீழே போனது. கைசர் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எத்தனையோ மேஸ்திரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு ஒன்றும் ஈடாகாது. மாத்யூ சார் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முப்பத்தைந்து கிலோ நாயைத் தோளில் சுமந்து கரையேற்றினார். நான் எஞ்சினைக் கிளப்பி முறுக்கினேன். வேன் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

நல்ல வேளையாக லாசரின் ஆட்கள் அப்போதுதான் மடியைக் கரைக்கு இழுத்து முடித்திருந்தார்கள். மடியில் இரண்டு கூடை சாளை மீன்கூட இல்லை, எல்லோருக்கும் எரிச்சல். ஷைனி ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

லாசர் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “கோவாவிலே இதுக்கு என்ன செய்வாங்க?” என்று கேட்டார். “கேறி உள்ள இரி. ஸ்டீயரிங்கப் பிடி. வேற ஒண்ணையும் தொடாதே.”

கரமடிக் கயிறு இரண்டையும் வேனின் பின்னால் கட்டினார்கள். முப்பது பேர் பிடித்தார்கள். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு மாத்யூ சார், நைட்டியோடு மேடம், அவர் பக்கத்தில் ஷைனி. கயிற்றின் வாலைக் கைசர் பல்லால் கவ்விக்கொண்டு, பின்னங்காலை மணலில் ஊன்றி இழுத்தான்.

“வலியெடா! கேறுது, கேறுது, விடாதே!” என்று லாசர் கத்தக் கத்த இழுத்தார்கள்.

‘ஸ்கூல் பஸ்’ என்ற எழுத்து முன்னால் வர, வேன் பின்பக்கமாகவே கரையேறியது. நான் உள்ளே உட்கார்ந்து கடலுக்கு டாட்டா காட்டாத குறை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் கலையவில்லை. மணலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

“பங்கு வை, லாசரண்ணே,” என்றார் ஒருவர்.

சட்டம் சட்டம்தான். லாசர் வேனின் கதவைத் திறந்து, மடியை அவிழ்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். இரண்டு நாளைக்கு நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. ரொட்டி, முட்டை, ஒரு குலை ஏத்தம்பழம், பெரிய பாத்திரம் நிறைய பீஃப் வறுவல். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி தான் கொண்டுவந்த கேக்கையும் கொடுத்தார். தார்ப்பாயில் குவியல் குவியலாகப் பங்கு விழுந்தது. கைசரும் வரிசையில் உட்கார்ந்திருந்தான். “இவன் நல்லா வலிச்சான்,” என்று அவனுக்குப் பீஃபில் கூடுதலாக ஒரு பிடி வைத்தார் லாசர்.

எனக்கும் பசி. கையை நீட்டினேன்.

“நீ கயிறு பிடிச்சியா?”

“ஸ்டீயரிங் பிடிச்சேனே மாமா.”

“மடிக்குள்ள கிடந்தவனாக்கும் நீ. மீனுக்கு யாராவது பங்கு குடுப்பாவளா?”

துறையே சிரித்தது. மாத்யூ சார் மணலில் விழுந்து சிரித்துவிட்டு எழுந்து, “அண்ணாச்சி, அடுத்த கரமடி எப்போ? நாங்க திரும்ப வாறோம். கைசர் இனி வீட்டுல இருக்க மாட்டான்,” என்றார்.

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். லாசரின் காதிலும் விழுந்தது. கேட்டும், கேட்காததுபோலத் தார்ப்பாயை உதறினார்.

“அப்பா,” என்றாள் ஷைனி. “நானும்தான் கயிறு பிடிச்சேன். எனக்குப் பங்கு?”

தார்ப்பாய் காலி. லாசர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை, விலை போகாத மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“மிச்சம் உள்ளது இது ஒண்ணுதான் மக்கா. எடுத்துக்க.”

“மாமா,” என்றேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தோப்பில் மூன்று வேன்கள் நிற்கின்றன, மூன்றும் அலை எட்டாத தென்னையடியில். வருகிற நாய்கள் எல்லாம் கயிறு பிடிக்கின்றன. வீட்டில் கறி குறைவு என்று நான் முனகினால், “மீனுக்குப் பங்கு உண்டா?” என்று என் பிள்ளைகளே கேட்கிறார்கள். ஷைனிக்குக் கோபம் வந்தால் என்னிடம் பேச்சே கிடையாது. நேராக அப்பாவிடம் போய் நிற்பாள்.

“அன்னைக்குக் கைசருக்கு வெச்ச பங்கை எனக்குத் தந்திருக்கலாமே அப்பா. பீஃப் வறுவலாவது கிடைச்சிருக்கும்.”