பெரிய வியாழனுக்கு ஒரு கால்

என் மனைவி கிளாடிஸை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டி என் சப்பாத்தைப் பார்த்தாள். "கழட்டுங்க, விரலிடுக்கப் பாப்பம்" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அந்தச் சப்பாத்துக் காலை நம்பி ஒருமுறை நான் அப்போஸ்தலனாகப் போனவன்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் கால் கழுவிய நினைவாக, எங்கள் கோயில் குருவான சுவாமி பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக இருத்தி, வலது பாதத்தைக் கழுவி, குனிந்து உதட்டால் முத்தி செய்வார். அந்த வருடம் என்னைக் கேட்டிருந்தார். எங்கள் பறங்கிக் குடும்பத்தில் அதற்குமுன் யாரையும் கேட்டதில்லை. என் வலது பாதத்திலோ சேற்றுப்புண். நான் அரிசி மில் மெக்கானிக். நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் அவிந்த கால். சின்ன விரலிடுக்கு வெள்ளையாய் ஊறி உரிந்து, சொறியச் சொறியக் கடித்தது. கிளினிக்கில் கிறீம் தந்து, கடி நின்ற பிறகும் சில கிழமை பூசச் சொன்னார்கள். கடி நின்றது. நானும் நிறுத்தினேன். கடி திரும்பி வந்தது, சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு.

வீட்டில் கதிரையில் உட்கார்ந்து இடது காலை நீட்டிப் பழகினேன்.

"என்னகா செய்யுறீங்க?" என்றாள் கிளாடிஸ்.

"இடது காலக் குடுக்கப் போறன்."

"சுவாமி கேக்குறது வலது கால்."

"ரெண்டும் ஆண்டவர் தந்ததுதானே."

"தந்தவர் ஆண்டவர். அவிச்சது நீங்க. ஒண்டுல இருந்தா மத்ததுக்கும் தொத்தும். அந்த மனிசன் முத்தி செய்யப் போறார், எல்மோ! அவர்ட வாய் என்னாகும்?"

"பவுடர் போடுவன்."

"மணக்குமே."

"சாம்பிராணி போடுவாங்கதானே."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, போட்டுட்டு வாங்க" என்று முன்னால் போய்விட்டாள். மனைவி இவ்வளவு சுருக்காகச் சம்மதித்தால் பயப்பட வேண்டும். நான் பவுடர் போட்டேன்.

கோயிலில் பன்னிரண்டு கதிரையும் நிரம்பியிருந்தது. கடைசியில் கிளாடிஸ். வலது செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"எழும்பு! அது என்ட இடம்."

"உங்கட கால் சுகமில்ல எண்டு சுவாமிட்ட சொன்னன். இனி ஆரப் பிடிக்கிற எண்டு முழிச்சார். என்ட கால் சுகம் எண்டன்."

"எல்லாரும் ஆம்பிளயள்!"

"போன வருசம் வரைக்கும். இப்ப பொம்புளயளும் இருக்கலாமாம். தள்ளி நில்லுங்க, பவுடர் கொட்டுது."

பிறகு அவளே தினமும் கிறீம் பூசிவிட்டாள். ஆறியது. அவள் போனபின் திரும்ப வந்துவிட்டது. பூசுவதற்கு மனமில்லை.

சுவாமியின் வீட்டுச் சுவரில் அந்த வருடப் படம் தொங்குகிறது. பதினொரு ஆண்கள், ஒரு கிளாடிஸ்.