வால் நுனி மஞ்சள்

ஒரு காட்டில் மிருகங்களுக்கெல்லாம் ஆளுக்கு நாலு கால் இருந்தும், ஓடுவது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. முயலும் ஆமையும் ஓடிப் பந்தயம் வைத்ததெல்லாம் பழைய சங்கதி என்று ஒதுக்கிவிட்டு, கார்ப் பந்தயம் ஆரம்பித்தார்கள். காட்டைச் சுற்றித் தடம் போட்டார்கள். தடத்துக்காக மரங்களை வெட்டியதில் பாதிப் பேருக்கு வீடு போயிற்று. வீடு போனவர்கள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

பந்தயம் என்றால் கொடி வேண்டும். வழி சரியாக இருந்தால் பச்சைக்கொடி. எவனாவது கவிழ்ந்து கிடந்தால் மஞ்சள்கொடி. மஞ்சளைக் கண்டால் யாரும் யாரையும் முந்தக் கூடாது, முந்தினால் தண்டனை. வாங்கி வந்த கொடிகளை வரையாடு தின்றுவிட்டது. மறுபடி வாங்கினார்கள், மறுபடியும் தின்றது. இந்தத் தடவை மஞ்சளில் உப்பு குறைச்சல் என்று குறை வேறு சொன்னது. பந்தயக் கமிட்டித் தலைவர் கரடியார் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்து, ஆடு தின்ன முடியாத ஒரு கொடியைக் கண்டுபிடித்தார். பச்சோந்தி வர்ணமுத்துவைக் கூப்பிட்டு வளைவில் ஒரு கம்பத்தில் உட்கார வைத்தார்.

வர்ணமுத்துவுக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் காட்டில் பச்சோந்தியின் பேச்சுக்கு மதிப்பே கிடையாது. சாட்சி சொல்லக் கூப்பிட மாட்டார்கள், வாக்குக் கொடுத்தால் சிரிப்பார்கள். அவருக்குப் பெண் கொடுத்த மாமனாரே, "இப்ப இருக்கிற கலரு தாலி கட்டுற வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டவர்தான். பிறவிக் குணம் மேல்தோலோடு சரி, உள்ளே ஒரே நிறம்தான் என்று வர்ணமுத்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். சொன்னவர் பச்சோந்தி ஆயிற்றே, யார் நம்புவார்கள்? இப்போது அவர் மஞ்சளானால் சீறி வந்த வண்டியெல்லாம் பிரேக் போட்டது. தன்னை நம்பி ஒரு காடே நிற்கிறது என்று மனைவி பொற்கொடியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரே ஒரு சங்கடம். அவர் நிறம் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். மஞ்சள் தலையில் ஆரம்பித்து, கழுத்து, முதுகு என்று இறங்கி, வாலுக்கு வந்து சேர ஒரு கொட்டாவி நேரம் பிடிக்கும். கடைசியில் வால் நுனியில் லேசாக ஓர் அரிப்பு வரும். அரிப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதனால் கமிட்டி ஒரு விதி எழுதியது: தலை முதல் வால் நுனி வரை மஞ்சளானால்தான் மஞ்சள். விதி எழுதும்போது எல்லாருக்கும் அது ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது.

காட்டில் ரெண்டு பெரிய ஓட்டக்காரர்கள், கீரியும் மரநாயும். கீரியின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் உடும்பு ஒச்சப்பன். பொற்கொடிக்குத் தூரத்து உறவில் தம்பி, ஆகவே வர்ணமுத்துவுக்கு மச்சினன். மரநாய் மன்றத்துத் தலைவர் முள்ளம்பன்றி சடையாண்டி. இந்த ரெண்டு தலைவர்களும் வர்ணமுத்து குடியிருந்த பூவரச மரத்தடியில் கூட்டாக ஒரு டீக்கடை நடத்தினார்கள். சடையாண்டி டீ ஆற்றுவார், ஒச்சப்பன் வடை சுடுவார். பந்தயத்தைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போட்டாலும் சாயங்காலம் கடையை ஒன்றாகத்தான் கட்டுவார்கள்.

அந்த வருடப் பெரிய பந்தயத்தில் காட்டுப்பன்றியின் வண்டி வளைவில் சேற்றில் கவிழ்ந்தது. பன்றிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, அப்படியே படுத்துக்கொண்டது. வர்ணமுத்து மஞ்சளாக ஆரம்பித்தார். தலை, கழுத்து, முதுகு, வால். நுனி அரித்தது. அரித்த மறுகணம் கீரியின் வண்டி மரநாயின் வண்டியை முந்திக்கொண்டு பறந்தது.

கீரிதான் முதலில் வந்தது. மேடை ஏறி, தேன் பாட்டிலைக் குலுக்கி எல்லார் மேலும் பீய்ச்சியடித்தது. ஒச்சப்பன் அதை முகத்தில் வாங்கி நக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் கரடியார் செருமினார். மஞ்சளில் முந்தியதற்காகக் கீரிக்கு ஐந்து நொடி தண்டனை, அதை அதன் நேரத்தோடு கூட்டினால் மரநாய்தான் முன்னால், ஆகவே மரநாய்க்கே கோப்பை என்றார். தேன் காய்வதற்குள் கைகலப்பு ஆரம்பித்துவிட்டது.

ஒச்சப்பனின் கட்சி இது: வால் நுனி பச்சையாகத்தான் இருந்தது, விதி விதிதான், நுனி மாறாத மஞ்சள் மஞ்சளே இல்லை. சடையாண்டி வேறு வாதம் வைத்தார். வால் என்ன பெரிய வால்? தலை மஞ்சளானதைப் பார்த்த பிறகும் முந்துகிறவன் எல்லாம் ஒரு மிருகமா? விதியின் எழுத்தைப் பார்க்கக் கூடாது, நோக்கத்தைப் பார்க்க வேண்டும். மரக்கிளையிலிருந்து குரங்கு எடுத்த வீடியோ ஒன்று எல்லார் செல்போனிலும் சுற்றியது. பெரிதாக்கிப் பார்த்தால் வால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு கட்டம் பச்சை, ஒரு கட்டம் மஞ்சள். அவரவர் தங்களுக்குப் பிடித்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கரடியார் விசாரணைக்குக் கூப்பிட்டதும் வர்ணமுத்து சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"நுனி அரிச்சதுக்கு அப்புறம்தாங்க கீரித் தம்பி தாண்டுனாரு. என் வால் எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். தண்டனை உறுதியாயிற்று. ஒச்சப்பன் அன்று சாயங்காலமே மரத்தடிக்கு வந்து, பச்சோந்தி சாட்சி சொல்லி ஒரு தீர்ப்பு வரும் காலமும் வந்துவிட்டதே என்று ஊர் கேட்கப் புலம்பினார். அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று வர்ணமுத்துவுக்கு அன்றுதான் புரிந்தது, அதுவும் சொந்த ஓணான் வகையறாவிலேயே.

சடையாண்டியோ வர்ணமுத்துவின் படத்தைச் சட்டம் போட்டு, டீ ஆற்றும் இடத்துக்கு மேலே மாட்டினார். கீழே 'சத்தியவான்' என்று எழுதியிருந்தது. கடையின் நடுவே கயிறு கட்டினார்கள். அந்தப் பக்கம் போனால் வடை உண்டு, டீ கிடையாது. இந்தப் பக்கம் டீ உண்டு, தொட்டுக்க ஒன்றுமில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடிகளான கீரியும் மரநாயும் அன்று ஒரே வண்டியில் ஏறி, பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பக்கத்துப் பக்கத்து வளை.

கூசினாலும் வர்ணமுத்து அந்தப் படத்தைத் தினம் ஒரு தடவை கீழே இறங்கி வந்து பார்த்தார். சத்தியவான் என்று ஒரு பச்சோந்திக்கு எழுதிப் போட்டிருப்பதை அவர் வம்சத்தில் யார் கண்டார்கள்? வடைப் பக்கத்து வசவுகூட அவருக்கு உறைக்கவில்லை. இன்னொரு பந்தயம் வரட்டும், இவர்களும் ஒருநாள் நம்புவார்கள் என்று பொற்கொடியிடம் சொன்னார். அவள் ஒரு ஈயைப் பிடித்து அவர் வாயில் வைத்தாள்.

இன்னொரு பந்தயம் வந்தது. அதே வளைவு, அதே சேறு, அதே பன்றி. போன தடவை படுத்த சுகத்தை நினைத்து அது வேண்டுமென்றே கவிழ்ந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. வர்ணமுத்து தலையிலிருந்து மஞ்சளானார், நுனி அரித்தது. அரித்த மறுகணம் இந்தத் தடவை மரநாய் கீரியை முந்திக்கொண்டு பறந்தது. ஒலிபெருக்கியில் கரடியார் செருமினார்.

விசாரணையில் வர்ணமுத்து அதே வாக்கியத்தைச் சொன்னார். கீரித் தம்பி என்ற இடத்தில் மரநாய்த் தம்பி, அவ்வளவே. சொல்லிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார். ரெண்டு பக்கமும் சமமாகப் பேசியாயிற்று, இனி ரெண்டு பேரும் நம்பாமல் என்ன செய்வார்கள் என்பது அவர் கணக்கு.

மரத்தடிக்கு வந்தபோது அவருடைய படம் இடம் மாறிக்கொண்டிருந்தது. சடையாண்டி அதைக் கழற்றிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீசினார். ஒச்சப்பன் அதைக் கீழே விழாமல் பிடித்து, துண்டால் துடைத்து, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே மாட்டினார். பிறகு ரெண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். சடையாண்டி சொன்னார்: வால் நுனிதான் சட்டத்தின் உயிர், எழுத்தை மீறி நோக்கம் என்று பேசுகிறவன் காட்டைக் குட்டிச்சுவராக்கிவிடுவான். ஒச்சப்பன் சொன்னார்: வால் என்ன பெரிய வால், தலை மஞ்சளானதும் நிற்காதவன் எல்லாம் ஒரு மிருகமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒருவர் விட்ட வாதத்தை இன்னொருவர் ஒரு சொல் சிந்தாமல் எடுத்துக்கொண்டார். கூட்டமும் அப்படியே. போன தடவை எழுதிய அட்டைகளை இந்தக் கூட்டம் அந்தக் கூட்டத்திடம் கொடுத்து வாங்கிக்கொண்டது, புதிதாக எழுதுகிற வேலை மிச்சம்.

ஒச்சப்பன் ஒரு மாலையைக் கொண்டுவந்து வர்ணமுத்துவின் கழுத்தில் போட்டார். "மச்சான், நீங்க சத்தியம் தவறாதவருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"பச்சோந்திப் புத்தியக் காட்டிட்டீங்களேண்ணே" என்றார் சடையாண்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து.

வர்ணமுத்துவின் ஒரு கண் மச்சினனைப் பார்த்தது, இன்னொரு கண் சடையாண்டியைப் பார்த்தது. அந்த வம்சத்துக்கு அப்படிப் பார்க்க வரும். வாழ்நாள் முழுக்கக் கேட்ட வார்த்தைதான், ஆனால் இன்று பொறுக்கவில்லை. ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னவருக்குக் கிடைத்த பட்டம் அது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றிக் கயிற்றின் மேலேயே போட்டார்.

"ரெண்டு தடவையும் நான் ஒண்ணைத்தானய்யா சொன்னேன். அன்னைக்கு இவரு சொன்னதை இன்னைக்கு அவரு சொல்றாரு, அவரு சொன்னதை இவரு சொல்றாரு. கலர் மாறுனது நானா, நீங்களா?"

ஒச்சப்பன் சடையாண்டியைப் பார்த்தார். சடையாண்டி ஒச்சப்பனைப் பார்த்தார். அவர்கள் நேருக்கு நேர் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"நம்மளையா பச்சோந்திங்கிறாரு?" என்றார் சடையாண்டி.

"ஆமாப்பா. நம்மளைத்தான்" என்றார் ஒச்சப்பன்.

கயிறு அப்போதே அவிழ்ந்தது. ரெண்டு மன்றமும் ஒரே ஊர்வலமாகக் கமிட்டிக்குப் போயின. ரசிகர்களின் மனம் புண்பட்டுவிட்டது என்று புகார். வெற்றி தோல்வி வரும் போகும், மானம் போனால் வருமா என்று சடையாண்டி பேச, ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரடியாருக்குக் கலவரம் என்றால் பயம், ஒற்றுமை என்றால் அதைவிடப் பயம். சண்டைக்கெல்லாம் காரணம் அந்த வால்தானே, வாலை நறுக்கிவிட்டால் விதி சுலபமாகிவிடும் என்று சமாதானம் சொன்னார். பல்லிக்கு வளருகிறதே, மச்சானுக்கும் வளரும் என்று ஒச்சப்பன் உறவுமுறையில் உத்தரவாதம் கொடுத்தார். வர்ணமுத்து வாலைச் சுருட்டிக்கொண்டு, வேலையை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

கம்பத்துக்குக் காகத்தை நியமித்தார்கள். எந்த நேரமும் ஒரே நிறத்தில் இருக்கிற நேர்மையாளர் என்று மாலை போட்டு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் மஞ்சள் என்பதே வரவில்லை, தண்டனையும் வரவில்லை. அடுத்த பந்தயத்தில் சேற்றில் படுத்திருந்த பன்றியின் மேல் வரிசையாகப் பல வண்டிகள் ஏறின. தீர்ப்பில் குறை சொல்ல யாருக்கும் வழியில்லாததால், இதுதான் காட்டின் பொற்காலம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பன்றியை யாரும் கேட்கவில்லை.

டீயும் வடையும் ஒரே கடையில் கிடைத்தன. ஆனால் வர்ணமுத்துவுக்கு மட்டும் கொடுப்பதில்லை. மரத்துக்கு அடியிலேயே கடை, மேலே வரைக்கும் வாசம் வரும், இவர் இறங்கினால் ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு முதுகில் முள் வேறு. பொற்கொடியையும் யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை. நீங்கள் சொன்னது நிஜம்தான், அதற்காக எத்தனை நாளைக்கு ஈயையே தின்பது என்று அவள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அந்த வாரம் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கேழையாடு டீ குடிக்க வந்தது. கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வர்ணமுத்துவை அடையாளம் கண்டு, "ஐயா, அந்த முதல் பந்தயத்துல நெசமாவே வால் நுனி மஞ்சளா இருந்துச்சா, பச்சையா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டது.

சடையாண்டியின் கையில் டீ ஆற்றும் டம்ளர் பாதியில் நின்றது. ஒச்சப்பன் கரண்டியைப் பிடித்தபடி திரும்பினார். வர்ணமுத்து ஒரு கண்ணால் டீயைப் பார்த்தார், ஒரு கண்ணால் வடையைப் பார்த்தார்.

"நீங்க யாரு கட்சி, கீரியா மரநாயா? அதைச் சொல்லுங்க முதல்ல."

கடையே குலுங்கிச் சிரித்தது. ஒச்சப்பன் சூடாக ரெண்டு வடையைத் தாமரை இலையில் வைத்து நீட்டினார். அண்ணனுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ என்று சடையாண்டி தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஆற்றினார். அன்றிலிருந்து அவர் பேச்சுக்குக் காட்டில் மறுபேச்சில்லை. கல்யாணத்துக்கு, பாகப்பிரிவினைக்கு, எல்லாவற்றுக்கும் அவர்தான் சாட்சி. கரடியார் வீடு தேடி வந்து தீர்ப்புக் குழுவுக்கே தலைவராக்கினார். அந்தப் பழைய படத்தைத் தேடியெடுத்து, டீக்கும் வடைக்கும் நடுவில் ஆணி அடித்து மாட்டினார்கள்.

பதவி ஏற்றுக்கொண்டு மாலையோடு வீடு திரும்பும்போது வர்ணமுத்துவுக்கு வால் நுனி அரித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் நின்ற ஒரு மரத்தில் வாலைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

நீதி: சொன்னதையே சொல்பவரைக் காடு பச்சோந்தி என்னும், ஆளைப் பார்த்து மாற்றிச் சொல்லப் பழகிவிட்டால், நடுநிலையாளர் என்று நாற்காலி போடும்.